பேட்டரியா, எரிபொருளா? காரும் விமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். கார் வாங்கப் போகிறவர்களும் சரி, விமானச் சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்க்கிற மாணவர்களும் சரி, சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். சுலபமானவை முதலில், வம்பானவை பின்னால்.

கீழே 'யூனிட்' என்று வருவதெல்லாம் மின்கட்டண ரசீதில் பார்க்கிற அதே யூனிட்தான். ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பெட்ரோலையும் அதே யூனிட்டில் அளந்தால் ஒப்பிடுவது எளிது.

1. கார் பேட்டரியில ஓடுதே, விமானம் மட்டும் ஏன் ஓட மாட்டேங்குது?

ஒரே சொல்லில் பதில்: எடை. ஆனால் "விமானம் கனமாக இருந்தால் பறக்காது" என்பது மட்டுமல்ல விஷயம். ஒரு கிலோ எடையைச் சுமப்பதற்கு ஒவ்வொரு வண்டியும் வட்டி கட்டுகிறது. காருக்கு அந்த வட்டி குறைவு, விமானத்துக்கு அதிகம்.

காரின் எடையைத் தாங்குவது தரை. சக்கரம் உருளும்போது டயர் நசுங்கி மீள்வதில் கொஞ்சம் சக்தி போகும், அவ்வளவுதான். நல்ல சாலையில் ஒரு டன் கூடுதல் எடையைச் சீராக உருட்டிக்கொண்டு போகச் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை போதும். விமானத்தின் எடையைத் தாங்குவது காற்று. அது சும்மா தாங்காது. இறக்கை காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் விமானம் மேலே நிற்கும். நன்றாக வடிவமைத்த பயணிகள் விமானத்தில்கூட, சுமக்கும் ஒவ்வொரு 17, 18 கிலோவுக்கும் ஒரு கிலோ இழுவிசையை எஞ்சின் ஈடுகட்ட வேண்டும். அதாவது டன்னுக்கு 55 கிலோ. காரைப்போல் ஐந்தரை மடங்கு வட்டி, பறக்கிற ஒவ்வொரு நொடிக்கும். அதற்கு முன்னால் அந்த எடையைப் பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும் என்பது தனிக் கணக்கு.

2. பெட்ரோல்ல அப்படி என்ன அதிகமா இருக்கு?

என் மேசையில் ஒரு பவர் பேங்க் கிடக்கிறது. அதன் முதுகில் 20,000 எம்ஏஎச், 74 வாட்-அவர் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. தராசில் வைத்தேன்: 352 கிராம். முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் அதில் இருப்பது 0.074 யூனிட்.

அதே 352 கிராம் பெட்ரோல் என்றால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு சின்ன தண்ணீர் பாட்டில் அளவு. கிலோவுக்குச் சுமார் 12 யூனிட் என்று வைத்தால் அதில் 4.2 யூனிட் இருக்கிறது. பவர் பேங்கைப்போல் 57 மடங்கு. விமானத்தில் ஊற்றும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளிலும் கிலோவுக்கு ஏறத்தாழ அதே 12 யூனிட்தான். கார்களில் வரும் லித்தியம்-அயான் செல்களில் நல்லவை கிலோவுக்கு 0.25 முதல் 0.3 யூனிட் வரை தாங்கும். ஆனால் செல்லைச் சுற்றி உறை, குளிர்விக்கும் குழாய், ஒயர், கண்காணிக்கும் மின்னணுப் பலகை எல்லாம் சேர்ந்து முழுப் பெட்டியாகும்போது அது 0.15, 0.18 என்று இறங்கிவிடும்.

3. 57 மடங்கு வித்தியாசம்னா மின்சார கார் ஓடவே கூடாதே?

பெட்ரோலில் இருக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. கார் எஞ்சின் எரிக்கும் நான்கு பங்கில் ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. ரேடியேட்டரும் புகைக்குழாயும் இருப்பதே அந்த வீண் வெப்பத்தை வெளியே தள்ளத்தான். மின்மோட்டார் அப்படியில்லை, பேட்டரியில் இருந்து எடுப்பதில் 85, 90 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். எனவே 57 மடங்கு வித்தியாசம் காரைப் பொறுத்தவரை 16 மடங்காகச் சுருங்குகிறது.

இன்னொரு வகையில் பாருங்கள். 60 யூனிட் பேட்டரி உள்ள கார் 400 கிலோமீட்டர் போகும். 60 யூனிட் என்பது ஏழு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான சக்தி! ஆனால் அந்தப் பேட்டரியின் எடை சுமார் 400 கிலோ. எஞ்சின், கியர் பெட்டி, புகைக்குழாய் எல்லாம் இல்லாததால் கொஞ்சம் மிச்சமாகும். மீதி 200, 300 கிலோவைக் கார் கூடுதலாகச் சுமந்துகொண்டு ஓடுகிறது. வட்டி குறைவு என்பதால் அதற்கு வலிக்கவில்லை.

4. பெட்ரோலுக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு சக்தி?

எனக்குப் பிடித்த கேள்வி. பெட்ரோல் தன் சுமையில் பாதிக்கு மேல் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிலோ எரிபொருளுக்குக் கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ ஆக்சிஜன். அதை யாரும் டேங்கில் சுமப்பதில்லை, வழியெல்லாம் காற்றில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். கட்டுச்சோறு மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீரை வழியில் ஆற்றில் அள்ளிக் குடிக்கிறவன் மாதிரி.

பேட்டரி குடத்தையும் தலையில் சுமக்கிறது. வினைபுரியும் இரண்டு பக்கமும், அவற்றைத் தாங்கும் செம்பு, அலுமினியத் தகடுகளும், நடுவில் உள்ள திரவமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. மின்சாரம் தீர்ந்தாலும் எல்லாம் அங்கேயேதான் இருக்கும். அதனால்தான் மறுபடி சார்ஜ் ஏற்ற முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எரிந்த பெட்ரோலைத் திரும்பக் கூட்டிச் சேர்க்க முடியாது.

5. மின்மோட்டாருக்கு விமானத்தைத் தூக்குற பலம் இல்லையோ?

மோட்டார் மேல் ஒரு குறையும் இல்லை. ஒரு கிலோ மோட்டார் தரும் குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினை மிஞ்சும். ரோல்ஸ் ராய்ஸ் செய்த ஒற்றை இருக்கை மின்விமானம் 2021 நவம்பரில் 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் மணிக்கு 555.9 கிலோமீட்டர் சராசரி வேகம் காட்டியது.

மின்சாரம் வானத்துக்குப் புதிதும் இல்லை. பிரான்சில் 1884 ஆகஸ்ட் 9 அன்று 'லா பிரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பல் பேட்டரி மோட்டாரில் 8 கிலோமீட்டர் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே 23 நிமிடத்தில் திரும்பி வந்தது. கார்ல் பென்ஸின் பெட்ரோல் வண்டி வருவதற்கு முன்பே நடந்த கதை இது. ஆனால் அதன் எடையைத் தாங்கியது ஹைட்ரஜன் நிரப்பிய பை. இறக்கையால் தாங்க வேண்டும் என்றான பிறகுதான் வட்டிக்கணக்கு தொடங்கியது. தரையில் 1899-லேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கார், பேட்டரி கார்தான்.

6. அப்போ பெரிய பேட்டரியா வெச்சா தீர்ந்தது இல்லையா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏர்பஸ் ஏ320 நியோ போன்ற விமானம் டேங்க் நிறைய ஏற்றினால் சுமார் 20 டன் எரிபொருள். அதாவது 2,40,000 யூனிட். ஜெட் எஞ்சின் அதில் 35 சதவீதத்தைத் தள்ளுவிசையாக மாற்றுகிறது என்றால் பயனாகிறது 84,000 யூனிட். மின்சார அமைப்பில் 90 சதவீதம் பயனாகும் என்று தாராளமாக வைத்தாலும் பேட்டரியில் 93,000 யூனிட் வேண்டும். உறை, குழாய் எடையை விட்டுவிட்டு, செல்லுக்குச் சொன்ன 0.25 யூனிட்டையே கிலோவுக்கு வைத்தாலும் 370 டன். அந்த விமானம் பயணிகள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் எழும்பக்கூடிய எடையே 79 டன்தான்.

"அவ்வளவு தூரம் வேண்டாம், ஒரு மணி நேரப் பயணம் போதும்" என்று ஒரு மாணவி விடாமல் பிடித்தாள். சரி, அதற்கு 2.5 டன் எரிபொருள் என்று வைத்தோம். பேட்டரி 47 டன் வருகிறது. வெறும் விமானம் சுமார் 44 டன். இரண்டும் சேர்ந்தாலே 91. இன்னும் ஒரு பயணிகூட ஏறவில்லை. இத்தனைக்கும், 91 டன்னைத் தூக்குவதற்குக் கூடுதல் பேட்டரி, அந்தப் பேட்டரியைத் தூக்க இன்னும் கொஞ்சம் பேட்டரி என்று போகும் கணக்கை நான் சேர்க்கவே இல்லை. இதைத்தான் வட்டிக்கு வட்டி என்பது.

7. எரிபொருள் தீரத் தீர விமானம் லேசாகும். பேட்டரியும் தீரத் தீர லேசாகுமா?

ஆகாது. ஐன்ஸ்டைன் கணக்குப்படி ஆகும் என்று வாதாடுகிறவர்களுக்காக: 60 யூனிட் பேட்டரி முழுதும் தீர்ந்தால் குறையும் எடை சுமார் 2.4 மைக்ரோகிராம். ஒரு உப்புக்கல்கூட அதைவிடப் பல மடங்கு கனம்.

விமானத்துக்கு இது இரட்டை அடி. நீண்ட பயணத்தின் கடைசி மணி நேரங்களில் ஜெட் விமானம் மிகவும் லேசாகி, வட்டி குறைவாகக் கட்டிப் பறக்கிறது. பேட்டரி விமானம் முதல் நிமிடத்தில் கட்டிய வட்டியையே கடைசி நிமிடத்திலும் கட்டும். அடுத்தது இறங்குவது. 79 டன்னில் எழும்பும் ஏ320 நியோவுக்கு இறங்க அனுமதித்த எடை 67 டன்னுக்குக் கொஞ்சம் மேல். இடையில் எரிபொருள் எரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் சக்கரக் கால்களும் உடற்கூடும் அந்த அளவுக்குச் செய்யப்படுகின்றன. பேட்டரி விமானம் எழும்பிய அதே எடையோடு தரையில் மோதி இறங்க வேண்டும் என்பதால் கால்கள் இன்னும் கனமாகும். லித்தியம்-காற்று என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு வகைப் பேட்டரி இருக்கிறது. அது காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் தீரத் தீர எடை கூடும்!

8. இறக்கத்துல மின்சார காருக்கு சார்ஜ் ஏறுது. விமானமும் இறங்கும்போது ஏத்திக்கலாமே?

கார் நகர நெரிசலில் நூறு தடவை நிற்கிறது, புறப்படுகிறது. பெட்ரோல் கார் ஒவ்வொரு தடவையும் அந்த வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கி வீணடிக்கிறது. மின்சார கார் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. விமானம் ஏறுவதும் ஒரு தடவை, இறங்குவதும் ஒரு தடவை.

அந்த ஒரு தடவையும் வீணாவதில்லை. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும்போது எஞ்சினைக் கிட்டத்தட்ட அணைத்த நிலைக்குக் கொண்டுவந்து, நூறு, இருநூறு கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே வருகிறார்கள். உயரத்தில் சேமித்த சக்தி அந்தத் தூரத்துக்குச் செலவாகிவிடுகிறது. அதில் கைவைத்துச் சார்ஜ் ஏற்றினால் சறுக்கும் தூரம் குறையும்.

9. இறக்கை முழுக்க சோலார் பலகை ஒட்டிட்டா?

ஏ320 இறக்கையின் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட், அதில் நான்கில் ஒரு பங்கு மின்சாரமாகும் என்றால் 30 கிலோவாட். அந்த விமானம் உயரத்தில் சீராகப் பறக்கவே 9,000 கிலோவாட் அளவில் வேண்டும். முந்நூறில் ஒரு பங்கு.

வெயிலை மட்டுமே நம்பி உலகைச் சுற்றிய விமானம் ஒன்று உண்டு: சோலார் இம்பல்ஸ் 2. 2015 மார்ச்சில் கிளம்பி 2016 ஜூலையில், பல இடங்களில் இறங்கி இறங்கிச் சுற்றி முடித்தது. இறக்கை நீளம் 72 மீட்டர், ஜம்போ ஜெட்டைவிட அதிகம். எடையோ 2.3 டன், ஒரு பெரிய காரின் எடை. சுமந்தது ஒரே ஒரு ஆளை. ஜப்பானில் இருந்து ஹவாய்க்குப் போக ஏறக்குறைய 118 மணி நேரம் ஆனது. வட்டியைக் குறைக்க எத்தனை பாடு பட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல காட்சி இல்லை. மூக்கு ஒழுகினால்கூடத் தனியாகச் சமாளித்துக்கொண்டு ஐந்து நாள் உட்கார்ந்திருந்த விமானி எனக்கு வீரராகத்தான் தெரிகிறார்.

10. முன்னால ஒரு காற்றாடி வெச்சு, ஓடுற வேகத்துல அதுவே சுத்தி சார்ஜ் ஏறாதா?

ஏறும். அந்தக் காற்றாடி தரும் இழுவையைச் சமாளிக்க அதைவிட அதிகமாகச் சார்ஜ் இறங்கும். பெரிய விமானங்களில் இப்படி ஒரு சின்னக் காற்றாடி மறைத்து வைக்கப்பட்டிருப்பது உண்மைதான். எஞ்சின்கள் எல்லாம் அணைந்துபோனால் வெளியே விழுந்து, கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மட்டும் உயிர் கொடுக்கும். விமானம் உயரத்தை இழந்துதான் அந்த மின்சாரத்தைச் சம்பாதிக்கிறது.

11. பெட்ரோல் மூணு நிமிஷத்துல நிரம்புது. சார்ஜ் ஏன் இவ்வளவு நேரம்?

பெட்ரோல் குழாயில் என்ன ஓடுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நிமிடத்துக்கு 35 லிட்டர் வரும் குழாயில், லிட்டருக்கு 9 யூனிட் வீதம், நிமிடத்துக்கு 315 யூனிட் பாய்கிறது. 250 கிலோவாட் அதிவேகச் சார்ஜர் நிமிடத்துக்கு 4 யூனிட்தான் தரும். 3-ஆம் கேள்வியில் சொன்ன வீண் வெப்பத்தைக் கழித்தாலும் குழாய் இருபது மடங்கு முன்னால் நிற்கிறது.

காருக்கு இது பெரிய தொல்லை இல்லை என்பது என் கட்சி. பெரும்பாலான கார்கள் நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கின்றன. தூங்கும் நேரத்தில் ஏறட்டுமே. விமானம் சும்மா நின்றால் நஷ்டம். இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கிளம்ப வேண்டும். 6-ஆம் கேள்வியின் 93,000 யூனிட்டை ஒரு மணி நேரத்தில் ஏற்ற 93 மெகாவாட் வேண்டும், அதுவும் ஒரு விமானத்துக்கு.

12. ஹைப்ரிட் கார் நல்லா மைலேஜ் கொடுக்குது. விமானத்தையும் ஹைப்ரிட் ஆக்கினா?

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் மிச்சம் பிடிப்பது இரண்டு இடங்களில். ஒன்று, பிரேக்கில் போகும் சக்தி. இன்னொன்று, நெரிசலில் திக்கித் திணறும் எஞ்சினைத் தனக்குத் தோதான வேகத்தில் ஓடவிடுவது. விமானத்தில் முதலாவது கிடையாது என்று 8-இல் பார்த்தோம். இரண்டாவதும் கிடையாது. மணிக்கணக்கில் ஒரே சீராக, தோதான வேகத்தில்தான் அதன் எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

குறுந்தூரச் சிறு விமானத்துக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு. வழக்கமான தூரத்தைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும், ஆபத்துக்கென்று வைக்கும் கையிருப்பு எரிபொருளில் இருக்கும். ஸ்வீடனின் ஹார்ட் ஏரோஸ்பேஸ் முதலில் 19 இருக்கை முழு மின்விமானம் என்று கிளம்பியது. 2022-இல் அதை 30 இருக்கை ஹைப்ரிட்டாக மாற்றியது. பேட்டரியில் மட்டும் 200 கிலோமீட்டர், எரிபொருளும் சேர்ந்தால் 400 என்பது அப்போது சொன்ன இலக்கு. கையிருப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது 18-இல் வருகிறது.

13. மின்சாரமே நிலக்கரியில இருந்துதானே வருது? அப்புறம் மின்சார கார் எப்படி சுத்தம்?

பாதி நியாயமான கேள்வி. நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் கார் சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். அதே தூரத்துக்கு மின்சார காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 17 யூனிட் வைப்போம். முழுக்க முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக 17 கிலோ. எண்ணெய் தோண்டுவது, சுத்திகரிப்பது எல்லாம் பெட்ரோல் பக்கம் சேர்த்தால் ஏறத்தாழச் சமம். ஆதாயம் இல்லை.

மின்சாரத்தில் பாதி நீர், காற்று, வெயில், அணு என்று வந்தால் 17 என்பது 9-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பேட்டரி செய்யும்போது வெளியாகும் சில டன் கார்பன் கடன், சில பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டியதும் அடைந்துவிடும். அதோடு, இன்று வாங்கும் பெட்ரோல் கார் பத்து வருடம் கழித்தும் அதே புகையைத்தான் விடும். மின்சார காரின் புகை, மின்நிலையம் மாறினால் தானாகக் குறையும்.

14. பவர் பேங்கையே பெட்டியில போட விட மாட்டேங்கறாங்க. விமானத்தையே பேட்டரியில ஓட்டலாம்னு சொல்றீங்களே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என்னை மடக்கிவிட்ட மகிழ்ச்சியில் சிரித்தார். பவர் பேங்கைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வது அது எரியாது என்பதால் அல்ல. எரிந்தால் ஆள் பார்க்கும் இடத்தில் எரியட்டும் என்பதால். லித்தியம்-அயான் செல் ஒன்று அளவுக்கு மீறிச் சூடானால் அந்தச் சூடே உள்ளே உள்ள வினைகளைத் தூண்டி மேலும் சூடாக்கும், பக்கத்துச் செல்லுக்கும் தாவும். சில வகைகளில் செல்லுக்குள் இருந்தே ஆக்சிஜன் வெளியாகும் என்பதால் மூடி அமுக்கி அணைக்க முடியாது. பயணிகள் விமானங்களின் சரக்கறையில் தனியாக லித்தியம்-அயான் பேட்டரிகளைச் சரக்காக அனுப்புவது 2016 ஏப்ரல் முதல் உலகம் முழுக்கத் தடை.

மின்விமானத்தின் பேட்டரி அப்படிக் கேட்பாரற்றுக் கிடப்பதில்லை. செல்களுக்கு நடுவே தடுப்பு, ஒவ்வொன்றின் சூட்டையும் பார்க்கும் உணரி, குளிர்விக்கும் திரவம், வாயுவை வெளியே விடும் வழி எல்லாம் வைத்துச் சோதித்த பிறகே அனுமதி. ஆனால் அவை ஒவ்வொன்றும் எடை. 2-ஆம் கேள்வியில் 0.25 எப்படி 0.15 ஆனது என்று கேட்டவர்களுக்குப் பதிலில் ஒரு பகுதி இதுதான். கார் தீப்பிடித்தால் ஓரம் கட்டி இறங்கி ஓடலாம் என்ற வசதி மேலே கிடையாது.

15. ஹைட்ரஜன்?

கிலோவுக்கு 33 யூனிட், விமான எரிபொருளைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எடைக்கணக்கில் தங்கம். இடக்கணக்கில் தகராறு. மைனஸ் 253 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கினாலும் அதே சக்திக்கு நான்கு மடங்கு இடம் பிடிக்கும். இன்றைய விமானங்கள் எரிபொருளை மெல்லிய இறக்கைக்குள் வைத்திருக்கின்றன. திரவ ஹைட்ரஜனுக்கு உருண்டை உருளை டேங்க், அதைச் சுற்றிக் கனமான வெப்பத் தடுப்பு. பயணிகள் உட்காரும் இடம்தான் போகும்.

சோவியத் நாட்டின் டு-155 விமானம் 1988-லேயே ஓர் எஞ்சினை ஹைட்ரஜனில் ஓட்டிப் பறந்து காட்டியது. முடியும் என்பதில் சந்தேகமில்லை. 2035-க்குள் ஹைட்ரஜன் விமானம் என்று 2020-இல் அறிவித்த ஏர்பஸ், 2025-இல் அதைத் தள்ளி வைத்தது. காருக்கு ஹைட்ரஜன் எனக்குச் சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதாகத் தெரிகிறது. நூறு யூனிட் மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்து, அழுத்தி, மறுபடி மின்சாரமாக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் தேறுவது முப்பதைச் சுற்றித்தான். பேட்டரியில் எழுபதுக்கு மேல்.

16. செயற்கை எரிபொருள் வந்துட்டா மின்சார காரே தேவையில்லைனு சொல்றாங்களே?

காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடையும், தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜனையும் சேர்த்துப் பெட்ரோலோ விமான எரிபொருளோ செய்யலாம். வேதியியலில் புதிதில்லை. ஆனால் போடும் மின்சாரத்தில் பாதி அங்கேயே போய்விடும். மீதிப் பாதியைக் கார் எஞ்சினில் ஊற்றினால் அதில் முக்கால்வாசி வெப்பமாகப் போகும். நூறுக்குப் பன்னிரண்டு தேறினால் பெரிது. அதே நூறு யூனிட்டில் பேட்டரி கார் ஐந்து, ஆறு மடங்கு தூரம் போகும்.

விமானத்துக்கு இதே விரயத்தை நான் மனசார ஒப்புக்கொள்வேன். அங்கே பேட்டரி என்ற மாற்றே இல்லாதபோது யாரோடு ஒப்பிடுவது? பயன்படுத்திய சமையல் எண்ணெய், கொழுப்பு போன்றவற்றில் இருந்து செய்த மாற்று எரிபொருள் இன்றே விமானங்களில் கலக்கப்படுகிறது, பாதிக்குப் பாதி வரை கலக்க அனுமதி உண்டு. 2023 நவம்பரில் லண்டனில் இருந்து நியூயார்க்குக்கு ஒரு போயிங் 787 முழுக்க அதிலேயே பறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6, 2050-இல் 70 என்று கட்டாயமாக்கியிருக்கிறது. கிடைக்கும் அளவு குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் காரில் ஊற்றுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

17. பேட்டரிதான் வருஷா வருஷம் முன்னேறுதே, பத்து வருஷம் பொறுத்தா போதாதா?

1991-இல் முதல் லித்தியம்-அயான் செல் கடைக்கு வந்தபோது கிலோவுக்குச் சுமார் 0.08 யூனிட். இன்று 0.25, 0.3. முப்பது ஆண்டுகளில் மூன்று மடங்கு, சற்றுக் கூடுதல். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் கணினிச் சில்லு மாதிரி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் சமாச்சாரம் இல்லை. சில்லில் கோடுகளைச் சின்னதாக்கலாம். லித்தியம் அணுவைச் சின்னதாக்க முடியாது. 0.4, 0.5 யூனிட் செல்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அவை இரட்டிப்பாகி 1 யூனிட் ஆனாலும் 6-ஆம் கணக்கில் 370 டன் 93 டன்னாகத்தான் குறையும்.

பலர் கேட்காமல் விடுவது ஆயுள். கார் பேட்டரி வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஏறி இறங்கும். ஆயிரத்து ஐந்நூறு சுற்று தாங்கினால் காரின் ஆயுளுக்கே போதும். நாளைக்கு ஐந்து தடவை பறக்கும் விமானம் அதை ஒரே வருடத்தில் தீர்த்துவிடும்.

18. 20 சதவீதம் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே இறங்கிட்டா பத்திரம்தானே?

காரில் மிச்சம் வைப்பது முன்ஜாக்கிரதை. விமானத்தில் அது சட்டம். போகும் இடத்துக்குப் போன பிறகும், மாற்று விமான நிலையத்துக்கும் போன பிறகும், குறைந்தது 30 நிமிடம் வட்டமிடும் அளவுக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. மூன்று மணி நேரம் பறக்கிற விமானத்துக்கு 30 நிமிடம் ஒரு பொருட்டில்லை. ஒரு மணி நேரம் மட்டுமே தாங்கும் விமானத்துக்கு அது பாதி.

எண்ணில் சொன்னால்: மொத்த எடையில் 30 சதவீதம் பேட்டரி, கிலோவுக்கு 0.25 யூனிட், 15 கிலோவுக்கு ஒரு கிலோ இழுவை என்று நல்ல சிறுவிமானத்தை எடுத்துக்கொண்டால் முழுச் சார்ஜில் சுமார் 300 கிலோமீட்டர் வரும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் 30 நிமிடம் என்றால் 125 போச்சு. மாற்று நிலையம் 50 கிலோமீட்டரில் இருந்தால் அதுவும் போச்சு. பயணிக்கு மிஞ்சுவது 125.

இதைவிட வம்பு ஒன்று உண்டு. டேங்கில் கடைசி லிட்டரும் முதல் லிட்டர் அளவுக்கே பலம் தரும். பேட்டரி அடிமட்டத்துக்கு வந்ததும் மின்னழுத்தம் இறங்கி, கேட்ட வேகத்தில் சக்தியைத் தர மறுக்கும். குளிரில் இன்னும் மோசம். ஓடுபாதைக்கு மேல் வந்த பிறகு இறங்க முடியாமல் மறுபடி மேலே ஏற வேண்டி வந்தால், முழுப் பலமும் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். எனவே திரையில் 20 என்று தெரிந்தால் விமானி அதை 20 என்று நம்பக் கூடாது.

19. பறக்கும் டாக்ஸி வருதுன்னு படம் எல்லாம் போடறாங்களே?

சீனாவில் ஈஹாங் நிறுவனத்தின் விமானி இல்லாத இரட்டை இருக்கை வண்டிக்கு 2023 அக்டோபரில் அரசுச் சான்று கிடைத்தது. பதினாறு சுழலிகள், முப்பது கிலோமீட்டருக்குள் பயணம். இறக்கை இல்லாமல் சுழலியிலேயே தொங்கும் வண்டிக்கு 1-இல் சொன்ன வட்டி இன்னும் பல மடங்கு. ஆற்றைத் தாண்ட, நெரிசலைத் தாண்ட உதவும். ஊர்விட்டு ஊர் போக உதவாது.

20. சரி, இன்னிக்கு தேதியில நான் ஒரு பேட்டரி விமானத்துல ஏற முடியுமா?

முடியும், பறக்கக் கற்றுக்கொள்கிறவராக இருந்தால். ஸ்லோவேனியாவில் செய்யும் பிபிஸ்ட்ரல் வெலிஸ் எலெக்ட்ரோ 2020 ஜூனில் ஐரோப்பாவின் முழுச் சான்று பெற்ற முதல் மின்விமானம். இரண்டு இருக்கை, 600 கிலோ மொத்த எடை, சுமார் 25 யூனிட் பேட்டரி. கையிருப்பு போக 50 நிமிடம் பறக்கும். எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, மறுபடி எழும்பிப் பழகுகிற மாணவருக்கு அது தாராளம். சத்தம் குறைவு, எண்ணெய் மாற்றும் வேலை இல்லை.

அது சுமக்கக்கூடிய ஆட்கள் எடை 172 கிலோ. ஆசிரியரும் மாணவரும் ஆளுக்கு 86. ஏறும் முன் இருவரும் தராசில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது, பையைக் கீழேயே வைத்துவிட வேண்டியிருக்கலாம்.